ரத்தத்துல வைரஸ் இருக்கும்போதே லிவர் மாத்தலாமா? ஆம்பூர் தம்பி கேட்டதுக்கு

தம்பி, நீங்க எழுதினத நான் புரிஞ்சுகிட்டது இதான். தங்கச்சி வீட்டுக்காரருக்கு வயசு 31, பத்து நாளா மஞ்சக்காமாலை, ரெண்டு நாளா மாத்தி மாத்தி பேசுறாரு, வேலூர்ல ஐசியூல வச்சிருக்காங்க. ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ், வைரஸ் லோடு லட்சக்கணக்குல வந்திருக்கு. டாக்டர் "லிவர் மாத்துற சென்டருக்கு உடனே கொண்டு போங்க"ங்கறாரு. உங்க பெரியப்பா "ரத்தம் பூரா வைரஸ வச்சிகினு புது லிவர் வச்சா அதையும் சேத்து தின்னுடும், மொதல்ல நெகடிவ் ஆவட்டும், அப்பறம் பாத்துக்கலாம்"ங்கறாரு. எது சரின்னு கேட்டிருக்கீங்க. ஆனா நடுவுல ஒரு வரி எழுதி இருக்கீங்க பாருங்க, தங்கச்சி தன் லிவர்ல ஒரு பாகம் குடுக்க ரெடியா நிக்குதுன்னு, எனக்கு அதான் உண்மையான கேள்வின்னு தோணுது. அது குடுத்து அதுவும் வீணா போயிடுமோ, ரெண்டு பேரையும் சேத்து இழந்துடுவோமோன்ற பயம்.

நான் டாக்டர் இல்ல. ஐசியூ நர்ஸா வேலூர்ல ஆரம்பிச்சு, அப்பறம் சென்னையில ட்ரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரா ரொம்ப வருஷம் ஓட்டிட்டு, இப்ப காட்பாடியில வீட்டோட இருக்கேன். அதனால உங்க மாப்ளைக்கு ஆபரேஷன் தேவையா இல்லையான்னு நான் சொல்ல முடியாது, பேஷன்ட பாக்காம யாரு சொன்னாலும் நம்பாதீங்க. ஆனா வைரஸ் இருக்கறதே ஒரு தடையா, நெகடிவ் ஆகற வரைக்கும் காத்திருக்கறதுல அர்த்தம் இருக்கா, இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லலாம். ஹெபடைடிஸ் பி விஷயத்துல ரெண்டுக்கும் என் பதில், "இல்ல"ங்கறது தான். இதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

ஏன்னு சொல்றேன். வைரஸ் இருக்கா இல்லையான்னு மட்டும் பாத்து எந்த டீமும் முடிவு பண்றது இல்ல. அது எந்த வைரஸ், அதுக்கு மருந்து இருக்கா, கெட்டுப்போன உறுப்பு எது, அந்த உறுப்பு இல்லாம ஆள எத்தன நாள் தாங்க வைக்க முடியும், இதெல்லாம் சேத்து தான் பாப்பாங்க. கிட்னி ஃபெயிலியர் பேஷன்ட்டுக்கு நாளைக்கு ஆபரேஷன், இன்னிக்கு காய்ச்சல் வந்து ஃப்ளூன்னு தெரிஞ்சா கண்ண மூடிகிட்டு தள்ளி வச்சுடுவாங்க, ஏன்னா டயாலிசிஸ் இருக்கு, வாரத்துக்கு மூணு தடவ போட்டு மாசக்கணக்குல ஓட்டலாம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எக்மோ மாதிரி மெஷின் இருக்கு, கொஞ்ச நாள், சில பேருக்கு சில வாரம் கூட தாங்கும். லிவருக்கு அப்படி ஒரு மெஷின் இன்னிக்கு வரைக்கும் சரியா வரல. பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச்னு ஒண்ணு பண்றாங்க, ரத்தத்துல இருக்கற கெட்ட பிளாஸ்மாவ எடுத்துட்டு நல்ல பிளாஸ்மா ஏத்துறது, அது நிஜமாவே சில பேர காப்பாத்தி இருக்கு, எலி பேஸ்ட் சாப்பிட்டு வர்ற பசங்களுக்கு நம்ம பக்கத்துல நெறைய பண்றாங்க. ஆனா அது நாள் வாங்கி குடுக்கும், லிவர் வேலைய முழுசா செய்யாது. அதனால தான் கிட்னி டாக்டர் "வைரஸ் போகட்டும், வெயிட் பண்ணலாம்"னு சொல்ற அதே ஆஸ்பத்திரியில லிவர் டாக்டர் "இன்னிக்கு ராத்திரியே"ன்னு சொல்லுவாரு. ரெண்டு பேரும் சரியா தான் சொல்றாங்க.

அடுத்தது, லிவர அழிக்கறது வைரஸ்னு எல்லாரும் நினைக்கறோம். ஹெபடைடிஸ் பி வைரஸ் தானா லிவர் செல்ல பெரிசா கொல்றது இல்ல, வருஷக்கணக்குல ஒருத்தர் உடம்புல கோடிக்கணக்குல இருந்தும் அவர் வேல வெட்டி பாத்துகிட்டு நல்லா தான் இருப்பாரு. திடீர்னு நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி முழிச்சுகிட்டு வைரஸ் ஒளிஞ்சிருக்கற செல் எல்லாத்தையும் ஒரே நேரத்துல அடிக்க ஆரம்பிக்கும், அதான் லிவர் ஃபெயிலியர். மூட்டப்பூச்சிக்கு பயந்து வீட்ட கொளுத்துன கதை தான். இதுல ஒரு விசித்திரம் என்னன்னா, புதுசா தொத்தி இப்படி வேகமா போற கேஸ்ல, பேஷன்ட் குழப்பத்துக்கு போற நேரத்துல வைரஸ் ஏற்கெனவே ரொம்ப கொறஞ்சு போயிருக்கும், சில பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜியே, அதாவது ஹெபடைடிஸ் பி இருக்கான்னு மொதல்ல பாக்கற ரத்த டெஸ்ட்டே, நெகடிவ் ஆயிடும், "நெகடிவ் ஆயிடுச்சு சார்"னு சொந்தக்காரங்க சந்தோஷமா வந்து சொல்லுவாங்க, உள்ள ஆளு கோமாவுக்கு போய்கிட்டு இருப்பாரு. அதனால ரிப்போர்ட் நெகடிவ் ஆகறதும் லிவர் பொழைக்கறதும் வேற வேற. பெரியப்பாகிட்ட இத மட்டும் புரிய வச்சுட்டீங்கன்னா பாதி சண்ட முடிஞ்சுது.

உங்க மாப்ளைக்கு லட்சக்கணக்குல லோடு இருக்குன்னா இது புதுசா தொத்துனதா, இல்ல சின்ன வயசுல இருந்தே உள்ள இருந்தது இப்ப கிளம்புனதான்னு ஒரு கேள்வி வரும். ஐஜிஎம் ஆன்டி ஹெச்பிசின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அதோட ஸ்கேன்ல லிவர் சுருங்கி இருக்கா, மண்ணீரல் பெருசா இருக்கான்னு பாத்து ஓரளவு பிரிப்பாங்க. பழசு கிளம்பறதுக்கு பல நேரம் ஏதாவது தூண்டுதல் இருக்கும், கீமோ, ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்திய கொறைக்கற ஊசி. இல்லன்னா மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ பேர் இல்லாத பவுடர் வாங்கி சாப்பிட்டிருப்பாங்க, அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும். உங்க மாப்ள அப்படி ஏதாவது எடுத்தாரான்னு தங்கச்சிகிட்ட தனியா கேளுங்க, கூட்டத்துல கேட்டா சொல்லாது.

இப்ப பெரியப்பா சொன்னதுக்கு வர்றேன். அவர் சொல்றது மடத்தனம் இல்ல, 1980கள்ல உலகம் பூரா பெரிய பெரிய டாக்டருங்களே அதான் சொன்னாங்க. அப்பல்லாம் ஹெபடைடிஸ் பி பேஷன்ட்டுக்கு லிவர் மாத்தினா பத்துக்கு எட்டு பேருக்கு புது லிவர்லயும் வைரஸ் வந்துச்சு, அதுவும் பழசவிட வேகமா, ஏன்னா ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு குடுக்கற மருந்து எதிர்ப்பு சக்திய அமுக்கிடும், வைரஸ கேக்க ஆளே இருக்காது. பல சென்டர்ல ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்னாலே சேத்துக்க மாட்டாங்க. மாத்துனது ஹெச்பிஐஜி, அதாவது வைரஸ பிடிச்சு முடக்குற ரெடிமேட் ஆன்டிபாடி. அத ஆபரேஷன்லயே குடுத்து அப்பறமும் விடாம தொடர்ந்தா வைரஸ் திரும்ப வர்றது ரொம்ப கொறையுதுன்னு 1993ல ஐரோப்பால பல நாடு சேந்து செஞ்ச ஆய்வு காட்டுச்சு. அப்பறம் லாமிவுடின் மாத்திரை வந்துச்சு, 2005ல என்டிகாவிர், 2008ல டெனோஃபோவிர். இந்த ரெண்டும் வந்தப்பறம் ஹெபடைடிஸ் பிக்கு லிவர் மாத்தறவங்க ரிசல்ட் மத்தவங்க ரிசல்ட்டோட சமமா, சில கணக்குல கொஞ்சம் நல்லாவே இருக்கு. ஒழுங்கா மாத்திரை போட்டா புது லிவர்ல திரும்ப வர்றது நூத்துல பத்துக்கும் கீழ.

தியேட்டர்ல என்ன நடக்கும்னு சொன்னா உங்களுக்கு இன்னும் தெளிவாகும். பழைய லிவர வெட்டி எடுத்துட்டு புதுச இன்னும் ரத்தக்குழாயோட சேக்காத ஒரு நேரம் இருக்கு, உடம்புல லிவரே இல்லாத நேரம். அப்ப தான் அந்த ஹெச்பிஐஜிய பெரிய டோஸா, வழக்கமா 10,000 யூனிட், நரம்புல ஏத்துவாங்க. வைரஸோட ஃபேக்டரி பழைய லிவர் தான, அது வெளிய போயாச்சு, ரத்தத்துல சுத்துற மிச்சத்த ஆன்டிபாடி பிடிச்சுக்கும், அதுக்கும் தப்பினது பெருகாம இருக்க மாத்திரை இருக்கு. இப்ப சில சென்டர்ல நல்ல மாத்திரை இருக்கறதால ஹெச்பிஐஜிய ரொம்ப கொறச்சுட்டாங்க, சில பேருக்கு போடறதே இல்ல. எவ்வளவு போடணும், எத்தன நாள் போடணும்னு டாக்டருங்களுக்குள்ளயே இன்னும் ஒரே அபிப்ராயம் கிடையாது, இது மட்டும் தான் இந்த விஷயத்துல நிஜமான சந்தேகம். மாத்திரை வாழ்நாள் பூரா போடணும்ங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.

இன்னிக்கே நீங்க டியூட்டி டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது, டெனோஃபோவிரோ என்டிகாவிரோ ஆரம்பிச்சாச்சா. ட்ரான்ஸ்பிளான்ட் நடக்கப்போகுதோ இல்லையோ அது ஆரம்பிக்கணும், பெரும்பாலும் ஆரம்பிச்சிருப்பாங்க, கிட்னி அளவ பாத்து டோஸ் மாத்துவாங்க. இதால லிவர் தானா தேறிடுமான்னு கேட்டா, பழைய பி கிளம்புன கேஸ்ல சில பேருக்கு தேறுது, 2011ல டெல்லியில இருந்து வந்த ஒரு ஆய்வுல டெனோஃபோவிர் போட்டவங்க போடாதவங்கள விட நல்லா பொழைச்சாங்க, அதுலயும் ரெண்டு வாரத்துக்குள்ள வைரஸ் லோடு நூறுல ஒரு பங்குக்கும் கீழ இறங்கினவங்க தான் தேறினாங்க. கவனிங்க, ரெண்டு வாரம். குழப்பத்துல இருக்கற ஒரு மூளைக்கு ரெண்டு வாரம் இருக்குமான்னு தெரியாது. மருந்து வைரஸ தான் நிறுத்தும், செத்த செல்ல எழுப்பாது. புதுசா தொத்தி வேகமா ஃபெயில் ஆகற ஹெபடைடிஸ் பி, அமெரிக்காவுல பல ஆஸ்பத்திரி சேந்து எடுத்த கணக்குப்படி, ட்ரான்ஸ்பிளான்ட் இல்லாம கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் தான் தானா பொழைக்கறாங்க. இதே ஹெபடைடிஸ் ஏவா இருந்தா பாதிக்கு மேல தானா தேறிடுவாங்க. பேர் ஒண்ணு மாதிரி இருந்தாலும் கணக்கு இவ்வளவு வித்தியாசம், அதனால "எங்க பக்கத்து வீட்டு பையன் இதே காமாலையில தப்பிச்சான்"ங்கற பேச்ச எல்லாம் காதுல போட்டுக்காதீங்க.

யாருக்கு மாத்தணும்னு எப்படி முடிவு பண்றாங்கன்னா, லண்டன் கிங்ஸ் காலேஜ்ல 1989ல போட்ட ஒரு கணக்க இன்னிக்கும் பாக்கறாங்க. ஐஎன்ஆர்னு ரத்தம் உறைய எவ்வளவு லேட்டாகுதுன்னு காட்டற நம்பர், அது 6.5க்கு மேல போனா அது ஒண்ணே போதும். இல்லன்னா வயசு 10க்கு கீழ இல்ல 40க்கு மேல, காரணம் மருந்தாவோ கண்டுபிடிக்க முடியாததாவோ இருக்கறது, காமாலை வந்து ஏழு நாளுக்கு மேல ஆகி குழப்பம் வர்றது, ஐஎன்ஆர் 3.5க்கு மேல, காமாலை அளவு காட்டற பிலிரூபின் 17.5க்கு மேல, இதுல ஏதாவது மூணு. உங்க மாப்ளைக்கு காமாலை வந்து எட்டு நாள் கழிச்சு குழப்பம் வந்திருக்கு, ஒண்ணு ஏற்கெனவே ஆச்சு. மத்த ரெண்டு நம்பரையும் நீங்களே கேட்டு எழுதி வச்சுக்கங்க, காலையில ஒண்ணு சாயந்திரம் ஒண்ணு, எந்தப் பக்கம் போகுதுங்கறது தான் முக்கியம். பழைய பி கிளம்புன கேஸா இருந்தா கணக்கு கொஞ்சம் வேற, அதுக்கு வேற ஸ்கோர் பாப்பாங்க, ஆனா அப்பவும் குழப்பமும் ஐஎன்ஆரும் தான் முன்னாடி நிக்கும்.

இங்க சொந்தக்காரங்க கெடுக்கற விஷயம் ரெண்டு இருக்கு, மனசுல வச்சுக்காதீங்க, சொல்லித்தான் ஆகணும். "ஐஎன்ஆர் ஏறிடுச்சாமே, பிளாஸ்மா ஏத்துங்க"ன்னு டாக்டர நெருக்காதீங்க. ரத்தக்கசிவு இல்லாதப்ப பிளாஸ்மா ஏத்தினா நம்பர் அழகா இறங்கும், லிவர் தேறுதா இல்லையான்னு யாருக்கும் தெரியாம போயிடும், அந்த நம்பர வச்சு தான முடிவே. இன்னொண்ணு, ராத்திரியில கத்துறாரு, ட்யூப்ப பிடுங்கறாருன்னு தூக்க ஊசி போட சொல்றது. அந்தக் கத்தல் தான் மூளை வீங்குதுன்னு சொல்ற அலாரம். கண்பாவை, ரத்த சர்க்கரை எல்லாம் மணிக்கு மணி பாத்துகிட்டு இருப்பாங்க, சர்க்கரை சட்டுனு இறங்கும், அதையும் குழப்பம்னே நினைச்சுடுவோம்.

அப்போ எது தான் கதவ மூடும்னு கேப்பீங்க. மூளை வீக்கம் முத்தி கண்பாவை விரிஞ்சு நின்னு போச்சுன்னா அப்பறம் எந்த லிவரும் பிரயோஜனம் இல்ல. கட்டுக்கு அடங்காம உடம்பு பூரா பரவின பாக்டீரியா தொற்று (செப்சிஸ்), பூஞ்சைத் தொற்று, ரத்த அழுத்தத்துக்கு மருந்து ஏத்தி ஏத்தி அதுக்கும் நிக்காத நிலை. பாருங்க, இந்த லிஸ்ட்ல ஹெபடைடிஸ் வைரஸே இல்ல. ஐசியூல நாள் கூடக் கூட இந்த பாக்டீரியாவும் பூஞ்சையும் தான் வந்து சேரும். வைரஸ் நெகடிவ் ஆகட்டும்னு காத்திருந்தா உண்மையில தடையா இருக்கறது தான் உள்ள வரும். டாக்டர் "இப்ப கொண்டு போங்க"ன்னு சொல்றதோட அர்த்தம் அது. கொண்டு போனா உடனே வெட்டிடுவாங்கன்னு இல்ல, அங்க போயி தானா தேறி ஆபரேஷன் இல்லாம திரும்பி வந்தவங்களையும் பாத்திருக்கேன். வேலூர்ல இருந்து சென்னை 140 கிலோமீட்டர் இருக்கும், வாலாஜா தாண்டி ஸ்ரீபெரும்புதூர்ல மாட்டினா நேரம் எங்கயோ போயிடும், முழு கோமாவுக்கு போனப்பறம் வென்டிலேட்டரோட அந்த ரோட்டுல போறதும், இன்னும் பேசிகிட்டு இருக்கும்போது போறதும் ஒண்ணு கிடையாது.

நாட்டு மருந்து பத்தியும் கேட்டிருந்தீங்க. கீழாநெல்லிய நான் திட்ட மாட்டேன், எங்க வீட்டுலயும் அரைச்சு மோர்ல கலந்து குடுத்து தான் வளத்தாங்க, சாதாரண காமாலை பெரும்பாலும் தானா போயிடும், பேர் கீழாநெல்லிக்கு போயிடும். ஆனா மாத்தி மாத்தி பேச ஆரம்பிச்ச ஆளுக்கு வாய் வழியா எதையும் குடுக்காதீங்க, புரையேறி நுரையீரலுக்கு போயிடும். ஏற்கெனவே எங்கயாவது போயி மருந்து குடுத்திருந்தா, மையோ பொடியோ எதா இருந்தாலும், டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. திட்டுவாங்கன்னு மறைச்ச குடும்பம் எத்தனையோ, திட்டினா திட்டட்டும்.

தங்கச்சி விஷயம். நம்ம நாட்டுல லிவர் ட்ரான்ஸ்பிளான்ட் பெரும்பாலும் உயிரோட இருக்கற சொந்தக்காரங்க குடுக்கறது தான். 1994 உறுப்பு மாற்று சட்டமும் அதுக்கு அப்பறம் வந்த திருத்தமும் சொல்றபடி கணவன் மனைவி, அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க, பிள்ளைங்க, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைங்க இவங்க நெருங்கின உறவு, ஆஸ்பத்திரி அளவுலயே பேப்பர் முடிஞ்சுடும், மத்த உறவுன்னா கமிட்டிக்கு போகணும். நீங்க மச்சான் முறை, சட்டத்துல நெருங்கின உறவுல வரமாட்டீங்க, அதையும் தெரிஞ்சுக்கங்க. டோனருக்கு 18 வயசு தாண்டி இருக்கணும், பிளட் குரூப் ஒத்துப்போகணும், குரூப்போட வர்ற பாசிட்டிவ் நெகடிவ் ஒத்துப்போகலன்னா பரவாயில்ல. வழக்கமா வாரக்கணக்குல செய்யற டெஸ்ட்ட அவசரத்துல ஒண்ணு ரெண்டு நாள்ல முடிச்சுடுவாங்க, சிடி எடுத்து லிவர் எவ்வளவு பெருசு, எவ்வளவு வெட்டினா டோனருக்கு முப்பது சதவீதத்துக்கு மேல மிச்சம் இருக்கும், கொழுப்பு இருக்கான்னு எல்லாம் பாப்பாங்க. பொண்ணா இருந்தா கர்ப்பமா இல்லையான்னும் பாப்பாங்க, வெக்கப்பட்டுகிட்டு தேதிய மாத்தி சொல்ல வேணாம்னு சொல்லுங்க.

உங்க கேஸ்ல ஒரு தனி சிக்கல் இருக்கு. ஹெபடைடிஸ் பி அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்கும், புருஷன் பொண்டாட்டிக்குள்ளயும் தொத்தும். அதனால டோனரா வர்ற ஆளுக்கே இருக்கலாம். மாப்ளையோட அண்ணன் தம்பி வந்தா, அவங்க அம்மாவுக்கு இருந்திருந்தா அவங்களுக்கும் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. தங்கச்சிக்கு ஹெச்பிஎஸ்ஏஜி நெகடிவ்னு வந்தாலும் சமீபத்துல தொத்தி இன்னும் வெளிய தெரியாத நாளா இருக்கலாம், அதனால கோர் ஆன்டிபாடியும் வைரஸ் டிஎன்ஏவும் சேத்து பாக்க சொல்லுவாங்க, செலவாகுதேன்னு வேணாம்னு சொல்லாதீங்க. வைரஸே இருக்கற டோனர ஒதுக்கிடுவாங்க. முன்னாடி எப்பவோ வந்து போன அடையாளமா கோர் ஆன்டிபாடி மட்டும் இருந்தா அந்த லிவர எடுத்துக்கலாம், மாப்ள எப்படியும் ஆயுசுக்கும் மாத்திரை போடப்போறவர் தான, அவருக்கு இது பெரிய தடை இல்ல.

டோனருக்கு ஆபத்தே இல்லன்னு யாராவது சொன்னா அவங்க பொய் சொல்றாங்க. வலது பக்கம் எடுத்தா லிவர்ல அறுபது சதவீதம் வரைக்கும் போகும், அது சில மாசத்துல கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வளந்துடும், ஆனா டோனர் இறந்த கேஸ் உலகத்துல இருக்கு, ஐநூறுல ஒண்ணுன்னு ஒரு கணக்கு, இருநூறுல ஒண்ணுன்னு இன்னொரு கணக்கு. தங்கச்சிய தனியா உக்கார வச்சு பேசுவாங்க, புருஷன் வீட்டு ஆளுங்க யாரும் இல்லாம. அது வேணாம்னு சொன்னா "மெடிக்கலா சரிப்படல"ன்னு மட்டும் தான் வெளிய சொல்லுவாங்க, அந்த மரியாதை நல்ல சென்டர் எல்லாத்துலயும் உண்டு. நம்ம பக்கத்துல பொண்டாட்டி குடுத்தா தியாகம், புருஷன் குடுக்க வந்தா "சம்பாதிக்கற ஆளாச்சே"ன்னு தடுப்பாங்க, அத பாத்து பாத்து எனக்கு அலுத்து போச்சு. மூளைச்சாவு அடைஞ்சவங்ககிட்ட இருந்து வர்ற வாய்ப்பும் இருக்கு, டிரான்ஸ்டான்ங்கற தமிழ்நாடு அரசோட உறுப்பு தான அமைப்பு லிஸ்ட்ல இந்த மாதிரி திடீர் ஃபெயிலியருக்கு அவசர முன்னுரிமை உண்டு, பேர பதிஞ்சு வச்சுட்டு ரெண்டு வழியையும் ஒண்ணா ஓட்டுங்க.

வேற வைரஸ்னா பதில் மாறும், இத படிக்கற மத்தவங்களுக்காக சொல்றேன். ஹெபடைடிஸ் ஏ, ஈ ரெண்டும் தண்ணியில வர்றது, பாலாத்தோரம் சாக்கடையும் குடிதண்ணி பைப்பும் ஒண்ணா ஓடற ஊர்ல எல்லாம் பாக்கறோம், அதுல வைரஸ் இருக்கும்போதே மாத்தலாம், பெரிசா தொந்தரவு வராது. கர்ப்பிணிக்கு ஈ வந்தா மட்டும் அலட்சியம் கூடாது, கடைசி மூணு மாசத்துல வந்தா நூத்துக்கு இருபது, இருபத்தஞ்சு பேர் வரைக்கும் போயிடறாங்க. ஹெபடைடிஸ் சி இப்ப பிரச்சனையே இல்ல, 12 வாரம் மாத்திரை, நூத்துக்கு 95 பேருக்கு மேல குணம், அமெரிக்காவுல சி பாசிட்டிவ் டோனரோட கிட்னிய சி இல்லாதவருக்கே வச்சு அப்பறம் மாத்திரை குடுத்து குணப்படுத்தி 2017ல எழுதினாங்க. எச்ஐவின்னா ஒரு காலத்துல வாசல்லயே திருப்பி அனுப்புவாங்க. இந்தியாவுல மொத மொத எச்ஐவி இருக்கறத 1986ல உறுதி பண்ணதே சென்னையில எடுத்த ரத்தத்த நம்ம வேலூர் சிஎம்சியில டெஸ்ட் பண்ணி தான், இந்தியாவுல கிட்னி மாத்தி ஜெயிச்சதும் 1971ல அதே சிஎம்சியில தான், ஆனா எச்ஐவியும் கிட்னி ஃபெயிலியரும் ஒரே ஆள்கிட்ட சேந்தா அன்னிக்கு வழி கிடையாது. இப்ப மருந்துல வைரஸ் அடங்கி இருந்தா, சிடி4ங்கற எதிர்ப்பு சக்தி செல் கணக்கு கிட்னிக்கு 200, லிவருக்கு 100 தாண்டி இருந்தா செய்யலாம். தென்னாப்பிரிக்காவுல 2008ல இருந்து எச்ஐவி உள்ள டோனர் கிட்னியவே எச்ஐவி உள்ளவங்களுக்கு வைக்கறாங்க. சிகிச்சையே ஆரம்பிக்காத எச்ஐவி திடீர்னு ஐசியூல தெரியவந்தா அது கஷ்டமான கேஸ், சென்டருக்கு சென்டர் முடிவு மாறும்.

ஹெர்ப்பீஸ் வைரஸ் லிவர தாக்கறது அபூர்வம், ஆனா காய்ச்சலோட லிவர் என்சைம் பல ஆயிரத்துல ஏறி கண்ணு மட்டும் பெருசா மஞ்சளாகாம இருந்தா, முக்கியமா கர்ப்பிணின்னா, ரிசல்ட்டுக்கு காத்திராம அதுக்கான அசைக்ளோவிர் மருந்த ஆரம்பிச்சுடுவாங்க. டெங்கு நேரத்துல லிவர் போனா நெலம வேற, பிளேட்லெட் இல்ல, ரத்தக்குழாய் கசியுது, அந்த உடம்ப வெட்டறதே ஆபத்து, பெரும்பாலும் தாங்கிப் பிடிச்சு தேற விடத்தான் பாப்பாங்க. கொரோனாவுல நுரையீரலே கரைஞ்சு போனவங்களுக்கு 2020ல சென்னையில ரெண்டு நுரையீரலும் மாத்தினாங்க, ஆனா அங்க எக்மோவுல வச்சு வைரஸ் அடங்கின பிறகு தான். பிசிஆர் பாசிட்டிவ்னு வந்தாலும் அது உயிருள்ள வைரஸா இல்ல மிச்ச மீதி துணுக்கான்னு பிரிச்சு பாக்கணும், லிவர் அவசரத்துல லேசான பாசிட்டிவோட ஆபரேஷன் பண்ண கேஸும் உண்டு. கண்டிப்பா கூடாதுன்னா மூளைய தாக்கற, மருந்து இல்லாத வைரஸ், அதுவும் டோனர் பக்கம். ஜெர்மனியில 2005ல வெளிய தெரிஞ்ச ஒரு கேஸ், டோனருக்கு இந்தியா வந்தப்ப தொத்துன வெறிநாய்க்கடி வைரஸ் உள்ள இருக்கறது யாருக்கும் தெரியல, உறுப்பு வாங்குனவங்கள்ல மூணு பேர் செத்தாங்க, லிவர் வாங்குனவர் பொழைச்சாரு, அவருக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டிருந்துச்சு. காரணம் தெரியாத மூளைக்காய்ச்சல்ல இறந்தவங்க உறுப்ப வேணாம்ங்கறது அதனால தான்.

பணம். தனியார்ல லிவருக்கு இருபது லட்சம் தாண்டும். முதலமைச்சர் காப்பீட்டுல ட்ரான்ஸ்பிளான்ட் வரும், போற ஆஸ்பத்திரி அதுல இருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடி கேளுங்க, சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலயும் லிவர் மாத்தறாங்க. வைரஸ் மாத்திரைக்கு கவலப்படாதீங்க, 2018ல ஆரம்பிச்ச தேசிய ஹெபடைடிஸ் திட்டத்துல பி, சி ரெண்டுக்கும் மருந்து அரசாங்கத்துல இலவசம். அந்த மாத்திரைய நடுவுல விட்டா தான் பெரியப்பா சொன்னது நடக்கும்.

சென்னைக்கு போன் பண்ணும்போது கோஆர்டினேட்டர்கிட்ட கதைய மொதல்ல இருந்து சொல்லாதீங்க. வயசு, எடை, பிளட் குரூப், காமாலை என்னிக்கு வந்துச்சு, குழப்பம் என்னிக்கு, இன்னிக்கு ஐஎன்ஆர், பிலிரூபின், கிரியாட்டினின், அம்மோனியா, வைரஸ் மாத்திரை எப்ப ஆரம்பிச்சாங்க, வென்டிலேட்டர்ல இருக்காரா, டோனரா யார் யார் வர்றாங்க அவங்க பிளட் குரூப் என்ன, இத சொன்னா அஞ்சு நிமிஷத்துல பெட் இருக்கா இல்லையான்னு பதில் வரும். தங்கச்சியோட டெஸ்ட்ட இங்க வேலூர்லயே இன்னிக்கு ரத்தம் குடுத்து ஆரம்பிச்சுடுங்க. வீட்டுல இருக்கற மத்தவங்களுக்கும் ஹெபடைடிஸ் பி பாத்துட்டு, இல்லாதவங்களுக்கு தடுப்பூசி போட சொல்லுங்க, இன்னிக்கு ஒண்ணு, ஒரு மாசத்துல ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. நாடு முழுக்க குழந்தைங்களுக்கு இது 2011ல இருந்து தான் போடறாங்க, பெரியவங்க யாருக்கும் அனேகமா போட்டிருக்காது, பெரியப்பாவுக்கும் சேத்து தான் சொல்றேன்.